ஒரு முழம் நீல ஒயர்

குருவுக்கு முப்பத்தாறு வயது. சீடருக்கு ஐம்பத்தெட்டு. அச்சுப் பிழை இல்லை, அப்படித்தான்.

குரு ஒரு பெண், பெயர் பரிமளம். அவிநாசி பைபாஸ் ஓரத்தில் கார்களுக்குப் பாட்டு செட் மாட்டும் கடை வைத்திருந்தார். கருகிய வாசனையை வைத்தே எந்த நிற ஒயர் எரிந்தது என்று சொல்லிவிடுவார். சிவப்பு எரிந்தால் மிளகாய் நெடி வருமாம். ஒருமுறை சாலையில் போன லாரியின் ஹாரனைக் கேட்டுவிட்டு, “இந்த வண்டி பேட்டரி பெருந்துறை வரைக்கும்தான் தாங்கும்” என்றார். பெருந்துறைக்கு முன்னாலிருக்கும் விஜயமங்கலத்திலேயே படுத்துவிட்டது. குரு தப்பாகச் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

சீடர் நாச்சிமுத்து விசைத்தறி ஓட்டியவர். தறிச் சத்தத்தில் இடது காது போய்விட்டது. மிச்சமிருந்த ஒரு காதை எடுத்துக்கொண்டு ஸ்டீரியோ வேலை கற்றுக்கொள்ள வந்தார். இடப்பக்க ஸ்பீக்கரைக் கேட்க வேண்டுமென்றால் சீட்டில் பின்பக்கம் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொள்வார்.

“காது இன்னொண்ணு வாங்கி மாட்டிரலாங்களாண்ணா?” என்பார் குரு.

“உங்க கடைல ஸ்டாக் இருந்தா போடுங்க குருவே.”

பட்டறைகளில் தொழில் சொல்லித் தருபவரைக் குரு என்று கூப்பிடுவது வழக்கம். நாச்சிமுத்து முதலில் கிண்டலுக்குத்தான் கூப்பிட்டார். கிண்டல் எப்போது கழன்று விழுந்தது என்று அவருக்கே தெரியாது.

ஐப்பசி மழை விட்டும் விடாமலும் இருந்த ஒரு பகலில், டிராக்டர் ஒன்று வெள்ளைக் கார் ஒன்றைக் கயிறு கட்டி இழுத்து வந்து கடை முன்னால் நிறுத்திவிட்டுப் போனது. காருக்குள்ளிருந்து ராக்கியப்பன் இறங்கினார். சேவூர்ப் பக்கத்துத் தோட்டக்காரர், தேங்காய் வியாபாரி. முகத்தில் பல நாள் தாடி. அவர் மனைவி கருணாம்பாள் இறந்துபோனது கடைக்குத் தெரியும். எப்படி என்பது தெரியாது.

“வாங்க. வண்டிக்கு என்ன ஆச்சுங்?” என்றார் குரு.

“பேட்டரி செத்துப் போச்சு அம்மிணி.”

“சார்ஜ் ஏத்திப் பாத்தீங்களா?”

“தொடவே இல்ல. தொட்டா உள்ள இருக்கிறது அழிஞ்சிருமோன்னு அப்படியே கட்டி இழுத்துட்டு வந்தேன்.”

“உள்ள என்ன இருக்குதுங்?”

ராக்கியப்பன் குருவைப் பார்க்கவில்லை. நாச்சிமுத்துவைப் பார்த்தார்.

“நாச்சி, இந்த செட்டை மாட்டுனது நீதான. உனக்குத்தான் தெரியும். அன்னிக்கு ராத்திரி நான் இதை அணைச்சனா, அணைக்கலையா? அது எங்கியாச்சும் பதிஞ்சிருக்குமா?”

நாச்சிமுத்துவுக்குப் புரியவில்லை. நல்ல காதை முன்னால் நீட்டினார்.

“மழைக்கு வண்டி எடுக்காமயே கெடந்துது. சாயங்காலம் சும்மா வண்டில உக்காந்து பாட்டுக் கேட்டுட்டு இருந்தேன். பாதிப் பாட்டுல அவ ‘சோறு ஆறுது’ன்னு கூப்புட்டா. எந்திரிச்சுப் போனேன். பட்டனை அமுத்துனனா, பாட்டோட அப்படியே உட்டுட்டுப் போனனா, ஞாபகம் வரல. விடியக்கால நெஞ்சை அடைக்குதுன்னா. தூக்கிட்டு வந்து முன் சீட்டுல உக்கார வெச்சேன். சாவியத் திருப்புனேன். டிக்குன்னுச்சு. மறுக்கா திருப்புனேன். அந்த டிக்குகூட இல்ல.”

மழை தகரத்தில் நாலு சொட்டுப் போட்டுவிட்டு நின்றது.

“பக்கத்துத் தோட்டத்து வண்டி வாரதுக்குள்ள முடிஞ்சிருச்சு. அந்த சீட்டுலயே. சாஞ்சுதான் இருந்தா. நான் பாட்டுக்குச் சாவியத் திருப்பிட்டே இருக்கறேன்.”

நாச்சிமுத்து கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“பேட்டரி செத்தா செட்டுக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காதுங்க. மணியே மறந்துரும். பன்னெண்டுல நின்னு மினுக்கும்” என்றார் குரு.

“ஒண்ணுமே இருக்காதா?”

“இருக்காதுங்க.”

ராக்கியப்பன் தலையை ஆட்டினார். “அதுக்காவது மறந்துச்சே.”

“ஆனா ஏன் செத்துச்சுன்னு பாத்துரலாம்.”

“அதுல பாக்க என்ன இருக்குது? நாந்தான்.”

“பாத்துரலாங்க. நீங்க எதுக்கால போயி ஒரு டீ குடிச்சிட்டு வாங்க.”

அவர் ஈரத்தில் செருப்பை இழுத்துக்கொண்டு சாலையைக் கடந்தார். இரண்டு பக்கமும் பார்க்காமல் கடந்தார். ஒரு பஸ்காரன் திட்டிவிட்டுப் போனான்.

குரு உள்ளே வேறொரு வண்டியின் கதவைப் பிரித்துப் போட்டிருந்தார். அதற்குள் குனிந்துகொண்டார். நாச்சிமுத்து தனியாக வேலையைத் தொடங்கினார்.

வேலை எளிதுதான். செத்த பேட்டரியைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் கடையின் நல்ல பேட்டரியை வைத்தார். பேட்டரிக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு சின்ன பல்பை மாட்டினார். சாவி வெளியே. செட் அணைந்திருக்கிறது. கதவுகள் மூடியிருக்கின்றன. வண்டியில் எதுவும் ஓடவில்லை என்றால் பல்பு எரியக் கூடாது.

எரிந்தது.

வண்டிக்குள் ஏதோ ஒன்று திருட்டுத்தனமாகக் கரண்டைக் குடிக்கிறது. எது என்று கண்டுபிடிக்க ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். எதைப் பிடுங்கும்போது பல்பு அணைகிறதோ அதுதான் ஆள். ஹாரன் ஃபியூஸைப் பிடுங்கினார். எரிந்தது. ஹெட்லைட்டைப் பிடுங்கினார். எரிந்தது. வைப்பர், கண்ணாடி, எல்லாம் போயும் எரிந்தது. கடைசியாக, சத்தத்தைக் கூட்டித் தரும் ஆம்ப்ளிஃபயரின் ஃபியூஸில் கை வைத்தார்.

அணைந்தது.

நாச்சிமுத்து டிரைவர் சீட்டுக்கு அடியில் தலையைக் கொடுத்தார். ஆம்ப்ளிஃபயர் அங்கேதான் இருந்தது. எப்போது விழிக்க வேண்டும், எப்போது தூங்க வேண்டும் என்று அதற்குச் சொல்வது செட்டிலிருந்து வரும் ஒரு நீல ஒயர். இந்த வண்டியில் நீல ஒயர் செட்டுக்குப் போகவில்லை. பக்கத்திலேயே, பேட்டரியிலிருந்து நேராக வரும் சிவப்பு ஒயரோடு சேர்த்துக் கட்டியிருந்தது. செட்டை அணைத்தாலும் அணைக்காவிட்டாலும் ஆம்ப்ளிஃபயர் தூங்காது. பேட்டரி தீரும்வரை விழித்துக்கொண்டே இருக்கும்.

டேப்பைப் பிரித்தார். உள்ளே ஒயர் இரண்டும் சும்மா முறுக்கியிருக்கவில்லை. முடிச்சுப் போட்டிருந்தது. அறுந்த நூலைத் தறிக்காரர்கள் இணைக்கும் முடிச்சு. திருப்பூர் மாவட்டம் முழுக்கத் தேடினாலும் கார் ஒயரில் அந்த முடிச்சைப் போடுகிறவர் ஒரே ஒருத்தர்தான்.

சீட்டுக்கு அடியிலிருந்து தலையை வெளியே எடுக்க அவருக்கு வெகுநேரம் ஆயிற்று.

ஆனியில் ஒருநாள் அந்தத் தோட்டத்துக்கே போய் மாட்டிய செட் அது. குரு சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். சாவி இல்லாமலே பாட்டுக் கேட்கிற மாதிரி மாட்ட வேண்டும் என்று ராக்கியப்பன் சொன்னார். ஏன் என்று கேட்டதற்கு, “சாவி அவ இடுப்புல இருக்குது. சீட்டாடப் போயிருவேன்னு தர மாட்டேங்கறா” என்றார். வாசலில் நின்ற கருணாம்பாள், “ஆமா, வண்டி பாடட்டும், போக வேண்டாம்” என்று சிரித்தார். செம்பு நிறைய மோர் கொடுத்தார். கொத்தமல்லி கிள்ளிப் போட்ட மோர்.

எல்லாம் மாட்டி முடித்த பிறகு நீல ஒயர் ஒரு முழம் குறைந்தது. கடைக்குப் போய் எடுத்துவர வேண்டும். வெயில் தாழ்ந்துவிட்டது. நாளைக்கு வந்து மாற்றிக்கொள்ளலாம் என்று பக்கத்திலிருந்த சிவப்பில் கட்டிவிட்டு வந்தார். நாளைக்கு வேறு வேலை வந்தது. வண்டி தினமும் சந்தைக்கு ஓடிய வரைக்கும் பேட்டரி குடித்ததெல்லாம் திரும்ப ஏறிக்கொண்டிருந்தது. மழைக்கு வண்டி நின்றது.

நாச்சிமுத்து எழுந்து சாலைக்கு அந்தப் பக்கம் பார்த்தார். ராக்கியப்பன் டீயைக் கையில் வைத்தபடி குடிக்காமல் நின்றுகொண்டிருந்தார்.

நாச்சிமுத்து வேகமாகக் குனிந்தார். முடிச்சை வெட்டினார். நல்ல நீல ஒயர் ஒரு முழம் எடுத்து, செட் வரைக்கும் இழுத்து, முறையாக இணைத்தார். புது டேப் சுற்றினார். ஃபியூஸைப் போட்டார். பல்பு எரியவில்லை.

“என்னண்ணா, ஆள் ஆப்புட்டாங்களா?” குரு துணியில் கை துடைத்தபடி வந்தார்.

“ஒயர் கொஞ்சம் லூசா இருந்துது. சரி பண்ணிட்டேன்.”

குரு சீட்டுக்கு அடியில் எட்டிப் பார்த்தார். புது டேப் பளபளத்தது. தரையில் வெட்டிப்போட்ட முடிச்சு கிடந்தது. எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

“முடிச்சு இறுக்கமாத்தான் போட்டிருக்கீங்க.”

நாச்சிமுத்து கிட்டே வந்தார். “குருவே, நான் ஒண்ணு கேக்கறேன். இது இனிமே யாருக்கும் தெரியப் போறதில்ல. தெரிஞ்சா அந்தம்மா எந்திரிச்சு வரப் போறாங்களா? சொல்றதால ஆருக்கு என்ன கெடைக்கும்? சொல்லித்தான் ஆகோணுமா?”

குரு குனிந்தார். சீட்டுக்கு அடியில் கையை விட்டார். புது டேப்பைப் பிரித்தார். புது ஒயரை உருவி எடுத்தார். பழைய நீலத்தைப் பழைய சிவப்போடு சேர்த்தார். தறிக்காரர் முடிச்சையே போட்டார். கூட வேலை செய்து கூட வேலை செய்து அதை அவரும் கற்றிருந்தார்.

பல்பு எரிந்தது.

“குருவே!”

“வண்டி எப்படி வந்துச்சோ அப்படி இருக்குது. அணைக்கறதுன்னா அணைச்சுக்குங்க” என்றார் குரு. மறுபடி அந்த இன்னொரு வண்டிக்குள் போய்க் குனிந்துகொண்டார்.

சுண்டுவிரல் நுனி அளவு பல்பு. மேகம் மூடிய பகலில் அது மஞ்சளாக எரிந்தது. அந்த வெளிச்சம் சேவூர் வரைக்கும் தெரிந்தது என்று நாச்சிமுத்து பின்னாளில் சொல்வார். சேவூர் கொஞ்சம் அதிகம். எதிர்ப்பக்கத்து டீக்கடை வரைக்கும் நிச்சயம் தெரிந்தது. ராக்கியப்பன் டீயைக் கீழே வைத்துவிட்டு வந்துகொண்டிருந்தார்.

நாச்சிமுத்து ஃபியூஸின் மேல் விரலை வைத்தார். ஒரு இழுப்புதான்.

“என்ன நாச்சி, பகல்ல வெளக்கு?”

விரல் அங்கேயே இருந்தது.

“செட்டு ஓடுதா?”

“இல்லீங்.”

“சாவி எங்கிட்ட இருக்குது. பின்ன எது எரியுது?”

நாச்சிமுத்து விரலை எடுத்தார்.

“நான் கட்டுனதுங்” என்றார்.

சொன்னார். நீல ஒயர் எதற்கு, அது ஒரு முழம் குறைந்தது, நாளைக்கு என்று நினைத்தது, நாளைக்குப் போகாதது எல்லாவற்றையும் சொன்னார். தலையை நிமிர்த்தாமல் சொன்னார். நடுவில் ஒரு லாரி போனது. அது போகும்வரை நிறுத்திவிட்டு மறுபடி சொன்னார்.

ராக்கியப்பன் கிட்டே வந்தார். குனிந்து அந்த ஃபியூஸைத் தானே பிடுங்கினார். பல்பு அணைந்தது. திரும்பச் செருகினார். எரிந்தது. பிடுங்கினார். செருகினார்.

“அப்ப நான் பட்டனை அமுத்தியிருந்தா?”

“அமுத்தியிருந்தாலும் இது எரிஞ்சிருக்குங்.”

“அமுத்தாம உட்டிருந்தா?”

“அப்பவும் இதேதானுங்.”

“அப்ப நான் என்ன பண்ணியிருந்தாலும்…”

“ஆமாங்.”

ராக்கியப்பனின் கை நாச்சிமுத்துவின் சட்டையைப் பிடித்தது. நெஞ்சுப் பக்கம் துணியைச் சேர்த்துப் பிடித்தது. பையிலிருந்த ஸ்க்ரூ டிரைவர் கீழே விழுந்தது. கை அடிக்கவும் இல்லை, விடவும் இல்லை.

“மோர் குடிச்சியேடா” என்றார். “அவ கையால வாங்கிக் குடிச்சியே.”

நாச்சிமுத்துவின் கண்ணிலிருந்து தண்ணீர் அந்தக் கையின் மேல் விழுந்தது. குரு உள்ளே வண்டிக் கதவுக்குள்ளிருந்து நிமிர்ந்து பார்த்தார். வரவில்லை.

வெகுநேரம் கழித்துக் கை தானாகத் தளர்ந்தது.

“சாவியில்லாம வேணும்னு கேட்டது நான்” என்றார் ராக்கியப்பன். “சொல்லாமப் போனது நீ.”

“ஆமாங்.”

“செட்டைக் கழட்டு.”

நாச்சிமுத்து செட்டைக் கழற்றினார். ஆம்ப்ளிஃபயரைக் கழற்றினார். நீலம், சிவப்பு, மஞ்சள் எல்லா ஒயரையும் உருவினார். துணியில் சுற்றி இரண்டு கையாலும் நீட்டினார்.

“எனக்கெதுக்கு அது? வண்டியைக் கெளப்பிக் குடு.”

செத்த பேட்டரியை அதன் இடத்தில் திரும்ப வைத்தார்கள். கடையின் பேட்டரியைப் பக்கத்தில் வைத்து, தடித்த கேபிள்களால் இரண்டையும் இணைத்தார் நாச்சிமுத்து. பிளஸ்ஸுக்குப் பிளஸ், மைனஸுக்கு மைனஸ். குரு பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். கொஞ்ச நேரம் அப்படியே விட்டார்கள்.

ராக்கியப்பன் உள்ளே ஏறினார். பக்கத்துச் சீட்டைப் பார்த்தார். சாவியைத் திருப்புவதற்கு முன் கண்ணை மூடிக்கொண்டார்.

டிக் என்றது. நாச்சிமுத்து கேபிளை அழுத்திப் பிடித்தார்.

மறுபடி திருப்பினார். வண்டி இருமியது, உதறியது, கிளம்பிவிட்டது.

“ஊடு போய்ச் சேர்ற வரைக்கும் எங்கயும் அணைச்சிராதீங்க” என்றார் குரு.

ராக்கியப்பன் குருவுக்குத் தலையாட்டினார். நாச்சிமுத்து நின்ற பக்கம் திரும்பவில்லை. கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். கார் மண்ணிலிருந்து தார் ரோட்டில் ஏறி, சேவூர்ப் பக்கம் திரும்பியது. தூறல் பிடித்துக்கொண்டது.

நாச்சிமுத்து அந்தத் திசையையே பார்த்தபடி நின்றார். சட்டையில் ராக்கியப்பன் பிடித்த இடம் கசங்கியபடி இருந்தது. அதை நீவிவிடவில்லை.

“குருவே.”

“சொல்லுங்கண்ணா.”

“சொல்லிட்டேன். என்ன ஆச்சு? அவரு மூஞ்சியைப் பாத்தீங்கல்ல? ஒரு பொட்டுக்கூட லேசாகல. எனக்கும் முன்னைக்கு இப்பத்தான் கனக்குது. ஆருக்குத்தான் இதுல என்ன மிச்சம்?”

குரு மீட்டரை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

“நம்ம பேட்டரியைப் பாருங்க.”

நாச்சிமுத்து வைத்துப் பார்த்தார். முள் பாதிகூட ஏறவில்லை.

“எறங்கிப் போச்சு குருவே.”

“அவரு வண்டி?”

“கெளம்பிப் போயிருச்சு.”

குரு ஈரமான கேபிளைத் துடைத்துச் சுருட்டினார்.

“கேபிள் போட்டா வேற என்னண்ணா ஆகும்?” என்றார்.